வாட்டம் பார்த்து வாங்கிய டயர்

வாத்தியார் வேலையில் ஒரு கெடுதல் உண்டு. பிள்ளைகளின் கொப்பியில் பிழை திருத்தித் திருத்தி, பிழை என்பது எப்போதும் மற்றவர்கள் விடுவது என்று மனசில் பதிந்துவிடும். எனக்கு அது வேலைக்குச் சேர்ந்த ஐந்தாம் வருடத்திலேயே பதிந்துவிட்டது. அதிலும் நான் கணக்கு வாத்தியார். (கணக்கு வாத்தியாரிடம் வாக்குவாதம் பண்ணி ஜெயித்தவர் ஹட்டன் நகரில் ஒரே ஒருவர்தான். அவரைத்தான் நான் கல்யாணம் செய்திருக்கிறேன்.) ஆகவே, இந்தக் கதையில் வருகிற முட்டாள்தனமெல்லாம் ஏதோ தெரியாமல் நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாம் நன்றாக ஆராய்ந்து, கணக்குப் போட்டு, மூன்று பேர் வேண்டாம் என்று சொன்ன பிறகு செய்தது.

சில வருடங்களுக்கு முன் ஒரு கார் வாங்கினேன். மூன்று பேர் கைமாறி வந்த பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். ஆனால் நாலு கதவு உண்டு, குடும்பத்தோடு போகலாம். அப்படிச் சொல்லித்தான் தபால் கந்தோரில் வேலை செய்யும் என் மனைவி ரெஜினாவைச் சம்மதிக்க வைத்தேன். நீல நிறம், தரையோடு தரையாகப் பதுங்கி நிற்கும். பதினெட்டு அங்குல றிம். அதன்மேல் டயர் இருந்ததா என்றால் இருந்தது, ரொட்டியின் ஓரத்தில் கருகியிருக்குமே, அவ்வளவு. பள்ளத்தில் விழுந்தால் பள்ளத்தின் ஆழம், அகலம், அந்த ரோட்டைப் போட்ட கொந்தராத்துக்காரரின் குணம் எல்லாம் முதுகெலும்பில் தெரியும். எனக்கு அது பிடித்திருந்தது. அப்போது எனக்கு முப்பத்து நாலு வயது. இடுப்பு என்று ஒன்று உடம்பில் இருப்பதே தெரியாது.

மாமாவுக்குத் தெரிந்திருந்தது. மாமா என்பது ரெஜினாவின் அப்பா அந்தோனி. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில், பறித்து வந்த கொழுந்தை வாட்டுகிற மேல்மாடியில், நாற்பது வருடம் வேலை செய்தவர். ‘மேமாடி அந்தோனி’ என்றால் அந்தப் பக்கத்தில் தெரியாத ஆள் இல்லை. குனிந்து குனிந்து கொழுந்தைப் புரட்டியே அவருடைய இடுப்பு போய்விட்டது. கதிரையில் உட்காருவதற்கு முன் கதிரையை ஒருமுறை சந்தேகமாகப் பார்ப்பார்.

அவருடைய இளைய மகள் ஸ்டெல்லா, அந்தத் தோட்டத்திலிருந்து கம்பஸுக்குப் போய் இன்ஜினியர் ஆன முதல் பிள்ளை. பட்டமளிப்பு விழாவுக்கு அழைப்பு வந்தது. கொழும்பில் பெரிய மண்டபம், பிற்பகல் இரண்டு மணி. தாய், தகப்பன் இருவருக்கு மட்டும் சீட்டு. ஒன்றரைக்குக் கதவு மூடிவிடுவார்கள், அதற்குப் பிறகு யார் வந்தாலும் உள்ளே விடமாட்டார்கள். மாமா தன் சீட்டை வாங்கி இரண்டு பக்கமும் படித்து, பைபிளுக்குள் வைத்துவிட்டார். பிறகு வீட்டுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் பைபிளை எடுத்துத் திறந்து காட்டினார். அந்த மாதம் அவர் பைபிளைத் திறந்த அளவுக்கு எந்தச் சாமியாரும் திறந்திருக்க மாட்டார்.

“மாமா, கொழும்புக்கு நான் கார்ல கூட்டிட்டுப் போறேன்” என்றேன்.

“எதுக்கு மாப்ள? நானும் ஒங்க மாமியும் ரெண்டு நாளைக்கு முன்னாடியே ரயில்ல போயிர்றோமே.”

“இன்ஜினியரோட அப்பா ரயில்ல போயி, அப்புறம் பஸ் புடிச்சி, வேர்வையோட மண்டபத்துக்குள்ள போறதா? கார்லதான் வாசல்ல எறங்கணும்.”

இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஸ்டெல்லா கேட்கவில்லை, மாமா கேட்கவில்லை. நானே கேள்வி போட்டு, நானே விடை எழுதி, நானே சரி போட்டுக்கொண்டேன்.

ஒத்திகை பார்க்கலாம் என்று ஒரு சனிக்கிழமை மாமாவைக் காரில் ஏற்றிப் பொகவந்தலாவையிலிருந்து ஹட்டனுக்கு ஓட்டினேன். முதல் பள்ளத்தில் “ஆண்டவரே” என்றார். இரண்டாவதில் “மாதாவே.” அதற்குப் பிறகு தெரிந்த புனிதர்களை எல்லாம் வரிசையாகக் கூப்பிட்டார். நோர்வூட் வருவதற்குள் புனிதர்கள் முடிந்துபோய்விட்டார்கள், வெறும் “ஐயோ” மட்டும் மிஞ்சியது. வீட்டுக்குக் கொண்டுபோய் விட்ட பிறகு இரண்டு நாள் பாயில் கிடந்தார். ரெஜினா தைலம் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

“காரு நல்ல காருதான் மாப்ள” என்றார் மாமா, குப்புறப் படுத்தபடி. “ஆனா நான் ரயில்லயே வந்துர்றேனே.”

“மாமா, பிரச்சினை கார்ல இல்ல, டயர்ல. அத மாத்திட்டா போதும். நீங்க பஞ்சு மெத்தையில போற மாதிரி போவீங்க.”

“யாருங்க இப்ப ஒங்ககிட்ட கேட்டா?” என்றாள் ரெஜினா.

யாரும் கேட்காவிட்டால் என்ன? அன்றைக்கே ஒரு எண்பது பக்கக் கொப்பி வாங்கி, மேலே ‘டயர்’ என்று எழுதி அடிக்கோடு போட்டேன். விழாவுக்கு ஐந்து வாரம் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து தினமும் இரண்டு மணி நேரம் போனில் படிப்பேன். டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கிற இலக்கங்களுக்கு ஒரு அர்த்தம் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. என் டயரில் இருநூற்று இருபத்தைந்து, நாற்பது என்று போட்டிருந்தது. அதாவது அகலம் இருநூற்று இருபத்தைந்து மில்லிமீட்டர், றிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் நிற்கிற ரப்பரின் உயரம் அதில் நூற்றுக்கு நாற்பது. கணக்குப் போட்டால் ஒன்பது சென்டிமீட்டர். மாமாவின் இடுப்புக்கும் பொகவந்தலாவை ரோட்டுக்கும் நடுவில் நின்றது இந்த ஒன்பது சென்டிமீட்டர்தான். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நூற்றுவீதப் பாடத்தில் இதையே கணக்காகக் கொடுத்தேன். (ஒரு பிள்ளை விடைக்குக் கீழே ‘சேர், நீங்கள் வேறு கார் வாங்கலாம்’ என்று எழுதியிருந்தாள். ஒரு மார்க் வெட்டினேன்.)

ஹட்டனில் எங்களுக்குப் பழக்கமான டயர் கடைக்காரர் ஒருவர் உண்டு. எல்லோரும், அண்ணன் என்கிற அர்த்தத்தில், நானா என்றுதான் கூப்பிடுவோம். முப்பது வருடம் டயரோடு டயராக இருந்தவர். கொப்பியோடு போய் நின்றேன். மாமாவும் கூடவே வந்தார். தன் இடுப்புக்கு வாங்குகிற சாமானைத் தான் பார்க்காமல் வாங்கக் கூடாது என்பது அவருடைய நியாயம்.

நானா காரைச் சுற்றி வந்தார். ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் இரண்டு வட்டம் வரைந்தார்.

“சேர், லேசான வேல. இந்தப் பதினெட்ட கழட்டிட்டு பதினாறு அங்குல றிம் போடுங்க. றிம் சின்னதாகும், றப்பர் ஒசரும். மொத்த ஒசரம் அப்பிடியே இருக்கும், மீட்டர்லயும் பிழ காட்டாது. சாதாரண ரோட்டு டயர், நல்ல மெத்துனு போகும். ஐயாவுக்கும் சொகம்.”

கொப்பியில் போட்டுப் பார்த்தேன். பதினொரு சென்டிமீட்டருக்கு மேல் ரப்பர் வந்தது. கணக்குச் சரி. ஆனால் மனசு சரியில்லை. அந்தப் பதினெட்டு அங்குல றிம்தானே காருக்கே அழகு! அதைக் கழற்றினால் காளை மாட்டின் கொம்பை வெட்டின மாதிரி ஆகிவிடாதா?

“றிம்ம மாத்த முடியாது நானா. இந்த றிம்முக்கே மெதுவான டயர் எதுன்னு சொல்லுங்க.”

“சேர், இந்த அளவுல மெதுன்னு எதுவும் வராது.”

அப்போதுதான் உள்ளேயிருந்து மாமாவின் குரல் வந்தது. “மாப்ள, இங்க வாங்க.”

மாமா கடையின் பின்மூலையில் நின்றார். ஜப்பானிலிருந்து வந்த பாவித்த டயர்கள் அங்கே அடுக்கியிருந்தன. ஒரு டயரின் முகத்தில், பிளேடால் கீறினது போல நூல் நூலாகக் கோடு போட்டிருந்த ரப்பரைப் பெருவிரலால் அமுக்கிக்கொண்டிருந்தார். அமுக்குவார், விடுவார், கண்ணை மூடுவார். பிறகு குனிந்து மோந்து பார்த்தார்.

இதற்கு ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். கொழுந்து சரியாக வாடிவிட்டதா என்று மேல்மாடியில் கையால்தான் பார்ப்பார்கள். ஒரு பிடி கொழுந்தை அள்ளி உள்ளங்கையில் இறுக்கிப் பிசைந்து கையைத் திறக்க வேண்டும். பட்டென்று விரிந்தால் பச்சை, இன்னும் வாடவில்லை. விரியாமலே கிடந்தால் மிஞ்சிவிட்டது. உருண்டை மெல்ல மெல்ல, சோம்பல் முறிப்பது போல விரிந்தால் அதுதான் பதம். நாற்பது வருடத்தில் மாமாவின் கை ஒரு நாளும் தவறியதில்லை என்று துரைமாரே சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கையைத்தான் மாமா இப்போது டயரில் வைத்திருந்தார்.

“அமுக்கிப் பாருங்க மாப்ள. மெதுவா வருது பாருங்க. வாட்டம்னா இது வாட்டம்!”

அமுக்கினேன். உண்மையிலேயே மெத்தென்று இருந்தது. பக்கத்தில் இருந்த வேறு டயரை அமுக்கினேன், கருங்கல். மறுபடி இதை அமுக்கினேன், ஆஹா! அளவும் பதினெட்டு அங்குலம்! நாலு டயரும் இருந்தன. நாலு வாரமாகக் கொப்பி நிறைய எழுதி நான் கண்டுபிடிக்காததை மாமா பெருவிரலால் கண்டுபிடித்துவிட்டார்.

நானா பின்னாலேயே ஓடி வந்தார். “ஐயா, ஐயா, அது வேணாம். இது டயர் ஐயா, கொழுந்தில்ல.” டயரைப் புரட்டிப் பக்கவாட்டில் ஒரு அடையாளத்தைக் காட்டினார். ஒரு மலை, மூன்று சிகரம், நடுவில் ஆறு இதழ் ஐஸ் பூ. “பாருங்க சேர். ஐஸ் மழ கொட்டுற நாட்டுக்குன்னு செஞ்சது. றப்பர் மெதுதான், இல்லேங்கல்ல. ஆனா சூடு தாங்காது. பழசும்கூட. வேற சாமானோட சேந்து கொண்டெய்னர்ல வந்திரிச்சி, நான் விக்கிறதில்ல.”

“நானா” என்றேன், வகுப்பில் கடைசி பெஞ்சுப் பையனிடம் பேசுகிற குரலில். “ஹட்டன்ல எங்க சூடு?”

நானா டயரை அடுக்கில் திருப்பி வைக்கப் போனார்.

நான் விடவில்லை. “ஜனவரியில நுவரெலியாப் பக்கம் போயிப் பாத்திருக்கீங்களா? பட்டிப்பொல ஸ்டேசன்ல காலையில புல்லெல்லாம் வெள்ளையா கெடக்கு. நம்ம வீட்ல தேங்காயெண்ணெ போத்தல வெயில்ல வச்சித்தான் ஊத்துறோம். இந்தப் படத்தப் பாருங்க. மலை இருக்கு. குளிர் இருக்கு. நம்ம மாவட்டத்துக்குன்னே அச்சடிச்ச மாதிரி இருக்கு!”

“சரியாத்தான் கேக்குறாரு” என்றார் மாமா.

நானா நீண்ட மூச்சு விட்டார். “சேர், புடிவாதமா கேக்குறீங்க, போட்டுத் தாறன். ஆனா மேலயே ஓடுங்க. கீழ எறங்காதீங்க.”

கொழும்பு கீழே இருக்கிறது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆசிரியர் பற்றாக்குறையில் இரண்டு தவணை புவியியல் பாடமும் எடுத்திருக்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் என் மூளையில் இருந்த உலகம் ஹட்டனில் தொடங்கி நுவரெலியாவில் முடிந்தது. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பிறந்து ஸ்வெட்டரோடு வளர்ந்தவனுக்கு, சூடு என்பது செய்தியில் வானிலைக்காரர் சொல்கிற ஒரு இலக்கம்தான்.

டயர் போட்டு ஓட்டினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு சுகத்தை அந்தக் கார் அதற்கு முன் கொடுத்ததில்லை. பள்ளமெல்லாம் யாரோ தலையணை போட்டு மூடின மாதிரி இருந்தது. மாமா பின்சீட்டில் ஏறினார், பொகவந்தலாவை ரோட்டுக்குத் திரும்பும்போதே தூங்கிவிட்டார். கரட்டு ரோட்டில் அவருடைய குறட்டை ஒரே சுருதியில் வந்தது, ஒரு இடத்தில்கூட அறுபடவில்லை. கொப்பியில் ‘குறட்டை: தடையின்றி’ என்று எழுதி, பத்துக்குப் பத்து போட்டேன்.

அதோடாவது நிறுத்தியிருக்கலாம். மாமா இறங்கும்போது டயரை ஒருமுறை அமுக்கிப் பார்த்து, “இன்னும் கொஞ்சம் காத்த எறக்குனா இன்னும் மெதுவா இருக்குமோ?” என்றார். மாமனாரும் மருமகனும் சேர்ந்து நாலு சக்கரத்திலும் காற்றை இறக்கினோம்.

ஸ்டெல்லா கொழும்பிலிருந்து பேசினாள். “அத்தான், என்ன டயர் போட்டிருக்கீங்க? பக்கத்துல இருக்கிறத வாசிங்க.” வாசித்தேன். திரும்பவும் வாசிக்கச் சொன்னாள். பிறகு, “அத்தான், தயவு செஞ்சி அப்பாவ அம்மாகூட ரயில்ல அனுப்பிருங்க” என்றாள். (இன்ஜினியர் ஆகி இன்னும் பட்டம்கூட வாங்கவில்லை, அதற்குள் மூத்தவர்களுக்குப் புத்தி சொல்கிறாள் பாருங்கள் என்று நினைத்துக்கொண்டேன்.) மாமி மட்டும் இரண்டு நாள் முன்னதாக ரயில் ஏறினார். மாமாவை நான் விடவில்லை.

விழா நாள் காலை. மாமா ஹட்டனில் தைத்த பழுப்புக் கோட்டும் சிவப்பு டையுமாக, அனுமதிச் சீட்டைப் பைபிளோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு ஏறினார். ரெஜினா முன்சீட்டில். கினிகத்தேனை வரை தேர் போலப் போனோம். மாமா குறட்டை விட்டார். நான் விசில் அடித்தேன். “பாத்தியா?” என்றேன் ரெஜினாவிடம். “பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றாள்.

மலை இறங்கினோம். ஒவ்வொரு வளைவுக்கும் காற்று சூடேறியது. ரெஜினா ஸ்வெட்டரைக் கழற்றினாள். கித்துல்கலை தாண்டியதும் நானும் கழற்றினேன். யட்டியந்தோட்டையில் வெயில் உச்சியைப் பிளந்தது, ரோட்டின் தார் மினுங்கியது. அங்கேதான் காரின் நடை மாறியது. நான் நேராகப் பிடித்தால் அது கொஞ்சம் யோசித்துவிட்டு நேராகும். வளைவில் திருப்பினால் முன்பக்கம் திரும்பும், பின்பக்கம் ‘நீ போ, நான் வாறேன்’ என்று பின்தங்கும். கல்யாண வீட்டில் குடித்துவிட்டு வரும் பெரியப்பா மாதிரி, விழவும் இல்லை, நேராக நடக்கவும் இல்லை.

“என்னங்க, வண்டி ஆடுது” என்றாள் ரெஜினா.

“ரோட்டு அப்படி.”

“ரோட்டு நேராத்தாங்க இருக்கு.”

பின்சீட்டில் குறட்டை நின்றது. மாமா எழுந்து உட்கார்ந்து காற்றில் மூக்கை நீட்டினார். தேயிலையை உலர்த்தும் அடுப்பில் சூடு கூடினால் மேல்மாடியிலிருந்தே கண்டுபிடிக்கிற மூக்கு அது.

“மாப்ள, அடுப்பு கூடிருச்சி. கருகுது.”

“ஒண்ணுமில்ல மாமா, வெளிய எங்கயோ குப்ப எரிக்கிறாங்க.”

“குப்ப இல்ல மாப்ள. இது நம்ம—”

டமார்!

பின்பக்க இடது டயர் வெடித்தது. காரை எப்படியோ ஓரம் கட்டினேன். இறங்கிப் பார்த்தால் மிச்ச மூன்றும் தொட முடியாத சூடு. மாமாவின் வாட்டம் முற்றி, உலர்ந்து, பொடியாகிற பக்குவத்துக்கு வந்திருந்தது. டிக்கியில் இருந்த உதவிச் சக்கரம் சைக்கிள் சக்கரத்துக்குத் தம்பி. அதைப் பூட்டி, உருட்டிக்கொண்டு போனேன். அவிசாவளைக்குக் கிட்டப் போகும்போது முன் டயரின் மேல்தோல், தோசை உரிவது போல ஒரு முழம் உரிந்து படபடவென்று அடித்தது. நல்ல வேளை, கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒரு டயர் ஒட்டும் கடை இருந்தது.

கடைக்காரர் சிங்களவர், வயதானவர். குந்தி உட்கார்ந்து டயரைத் தடவினார். மலைப் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “மேவா ஹிம டயர் நே மாத்தயா!” என்றார். இது ஐஸ் கொட்டுகிற நாட்டு டயர் ஆயிற்றே ஐயா என்று அர்த்தம். எங்கேயிருந்து வருகிறோம் என்று கேட்டார். சொன்னேன். அவர் எழுந்து, பக்கத்துத் தேத்தண்ணிக் கடையைப் பார்த்து, “ஹட்டன்வல ஹிம வெட்டெனவலு!” என்று கத்தினார். ஹட்டனில் ஐஸ் மழை பெய்கிறதாம்! தேத்தண்ணிக் கடை முழுக்க எழுந்து வந்து பார்த்தது.

இந்த அளவு டயர் இங்கே கிடைக்காது, கொழும்பிலிருந்து வரவேண்டும், பின்னேரம் ஆகும் என்றார். மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. ஒன்றரைக்குக் கதவு மூடிவிடும்.

“பஸ்ல போயிருவோம்” என்றாள் ரெஜினா.

“பொறு. நான் போன் பண்ணி ஏற்பாடு பண்றேன். அரை மணித்தியாலம் குடு” என்றேன். அந்த நிமிடத்திலும் என் தலைக்குள் ஓடிய படம், மண்டபத்து வாசலில் நீலக் கார் நிற்பதும் மாமா இறங்குவதும்தான். வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

 மாமா ரோட்டோரத்தில் நின்று பைபிளைத் திறந்து சீட்டைப் பார்த்தார், மூடினார். மறுபடி திறந்தார். சீட்டின் ஓரத்தைப் பெருவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். நாற்பது வருடம் ஒரு பதமும் தவறாத கை.

அப்போது தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் ஒரு லொறி வந்து நின்றது. தோட்டங்களிலிருந்து தேயிலைத் தூள் மூட்டைகளைக் கொழும்புக்கு ஏற்றிப்போகும் லொறி. டிரைவர் குதித்து இறங்கினார், மாமாவைப் பார்த்தார், நின்றார்.

“மேமாடி அந்தோனி அண்ணனா இது? என்னாண்ணே, கோட்டு சூட்டோட ரோட்ல நிக்கிறீங்க?”

அவர் பெயர் யோகராஜா. மாமாவின் ஃபெக்டரியில் பல வருடம் தூள் ஏற்றியவராம்.  மாமா சீட்டை எடுத்துக் காட்டினார். யோகராஜா வாசித்தார். தேத்தண்ணி குடிக்க வந்தவர், தேத்தண்ணியை மறந்தார்.

“நம்ம ஸ்டெல்லாப் பாப்பாவா? ஏறுங்கண்ணே! பேச்சு வேணாம், ஏறுங்க!”

முன்சீட்டில் மூன்று பேருக்குத்தான் இடம். டிரைவர், மாமா, ரெஜினா. நான் கடைசியாக ஒரு முறை வாயைத் திறந்தேன். “மாமா, லொறியில போனா இடுப்பு…”

மாமா ஏறும் படியில் ஒரு காலை வைத்தபடி திரும்பினார். கோபமே இல்லாத முகம். அதுதான் தாங்க முடியவில்லை.

“மாப்ள, எனக்கு இடுப்பு வேணாம். புள்ளைய பாக்கணும்.”

என் கைக்குட்டையை எடுத்து லொறிச் சீட்டில் இருந்த தேயிலைத் தூசியைத் துடைத்தேன். செய்வதற்கு வேறு ஒன்றும் இருக்கவில்லை. ஐந்து வாரம் நான் மாமாவுக்காகப் பாடுபடுவதாக நினைத்திருந்தேன். அவருக்கு வேண்டியிருந்தது அந்த மண்டபத்தில் ஒரு கதிரை. கார் வேண்டியிருந்தது எனக்கு. லொறி போன பிறகு காருக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து நன்றாக அழுதேன். கடைக்காரர் ஒரு வாழைப்பழமும் பிளேன்டீயும் கொண்டுவந்து வைத்துவிட்டு, அடுத்த வாடிக்கையாளருக்கு என் டயரைக் காட்டப் போய்விட்டார்.

மணி ஒன்று. ஒன்றே கால். ஒன்றரை. ரெஜினாவின் போன் வேலை செய்யவில்லை. ஒன்றே முக்கால். நான் அன்று பார்த்த அளவுக்கு மணிக்கூட்டை எந்தப் பரீட்சை மண்டபத்திலும் பார்த்ததில்லை. மூன்று மணிக்குப் போன் அடித்தது. மாமா.

“மாப்ள… மேடையில ஏறிட்டா மாப்ள. பேரச் சொன்னாங்க. அந்தோனி ஸ்டெல்லான்னு, எம் பேரையும் சேத்துச் சொன்னாங்க.” பிறகுதான் போன கதையைச் சொன்னார். கதவு மூட நாலு நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தார்களாம். காவல்காரர் தூள் லொறியை வாசலுக்குள் விடமாட்டேன் என்றாராம். யோகராஜா லொறியைக் கேட்டுக்குக் குறுக்கே நிறுத்தி, “இன்ஜினியரோட அப்பா வந்திருக்காரு, தொறங்க!” என்று ஹாரன் அடித்தாராம்.

“ஒங்க இடுப்பு எப்படி மாமா?” என்றேன்.

“எந்த இடுப்பு?” என்றார்.

புது டயர் பூட்டி நான் கொழும்பு போய்ச் சேர்ந்தபோது இரவு ஏழு மணி. ஸ்டெல்லாவின் பட்டமளிப்பு அங்கி வாடகைக்கு எடுத்தது, ஐந்து மணிக்கே திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. படமும் பிடித்து முடிந்துவிட்டது. அடுத்த வாரம் நானாவிடம் போய், வாயைத் திறக்காமல், பதினாறு அங்குல றிம் போட்டுக்கொண்டேன்.  கார் இன்று வரை மெத்தென்றுதான் ஓடுகிறது.

அந்தப் படம் பொகவந்தலாவை வீட்டில், நடுச் சுவரில், பெரிதாகச் சட்டம் போட்டுத் தொங்குகிறது. நடுவில் ஸ்டெல்லா, ஒரு பக்கம் மாமா, மாமி. மறு பக்கம் ரெஜினா. அவளுக்குப் பக்கத்தில், நான் நிற்க வேண்டிய இடத்தில், மாமாவின் சிவப்பு டையைக் கட்டிக்கொண்டு யோகராஜா சிரிக்கிறார். பின்னால் லொறி. படத்தைப் பார்த்து யார் கேட்டாலும் மாமா முழுக் கதையையும் சொல்வார், என் கொப்பி உட்பட. டயரை அமுக்கிப் பார்த்த பெருவிரல் யாருடையது என்பது மட்டும் அந்தக் கதையில் வராது. நானும் எடுத்துக் கொடுப்பதில்லை.

போன மாதம் புதிதாக வந்த பங்குச் சாமியார் வீட்டை ஆசீர்வதிக்க வந்தார். நான் தேத்தண்ணித் தட்டோடு பக்கத்தில் நின்றேன். சாமியார் படத்துக்குக் கிட்டப் போய், யோகராஜாவின் மேல் விரலை வைத்தார்.

“இவருதான் மூத்த மருமகனா?”

“இல்லீங்க சாமி” என்றார் மாமா. “அவரு எங்களக் கொண்டுபோயிச் சேத்தவரு.” பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, என் தட்டிலிருந்து ஒரு கோப்பையை எடுத்துச் சாமியாரிடம் கொடுத்தபடி, பெருமையாகவே சொன்னார்: “பாதி வழியில எறக்கி விட்டாரு பாருங்க, அவருதான் மருமகன்.”